இயங்குதளம் நிறுவிய பின் நிர்வாகியாக நுழைய முடியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் நடத்தும் சிறிய கணினிக் கடைக்கு நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர், அரியாங்குப்பம் என்று சுற்றுப்புறமெங்கும் இருந்து கணினிகள் வருகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, பழைய கணினியில் விண்டோஸ் 11-ஐயோ, உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற ஏதேனும் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தையோ தாங்களே நிறுவிப் பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நிறுவும் வேலை நல்லபடியாக முடிந்து, முதல் முறை உள்ளே நுழையும்போதோ முதல் மென்பொருளைச் சேர்க்கும்போதோ வழி அடைபட்டுப்போனவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். “மறுபடியும் ஃபார்மட் அடித்துவிடலாமா?” என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவே இந்தப் பக்கத்தை எழுதுகிறோம். பெரும்பாலும் இயங்குதளத்தில் பழுது எதுவும் இருப்பதில்லை. நிறுவும்போது அது கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு நாம் யோசிக்காமல் கொடுத்த பதில்தான் பிற்பாடு குறுக்கே நிற்கிறது.

தொலைபேசியில் ஒருவர் வாசிக்க மற்றொருவர் தட்டச்சு செய்ய வசதியாக, கட்டளைகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம். அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

கடவுச்சொல் தவறு என்று வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

எந்தத் திரை கேட்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு கணினியில் நான்கு இடங்களில் கடவுச்சொல் கேட்கப்படலாம். மின்சாரம் கொடுத்தவுடன், இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே, கருப்பு அல்லது நீலத் திரையில் கேட்டால் அது பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலின் கடவுச்சொல். அதற்கு அடுத்தபடியாகக் கேட்டால் அது டிஸ்க்கின் பூட்டைத் திறப்பதற்கானது. பெயரும் படமும் தெரிகிற திரையில் கேட்பது உங்கள் பயனர் கணக்கின் கடவுச்சொல். உள்ளே நுழைந்து ஒரு மென்பொருளை நிறுவும்போது கேட்பது நிர்வாகி அனுமதிக்கானது. இந்த நான்கும் வெவ்வேறு பூட்டுகள். ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்களைத் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது திரையின் ஒரு படத்தைத்தான். “பாஸ்வேர்டு எடுக்கவில்லை” என்ற ஒரே வாக்கியத்துக்குள் இந்த நான்கில் எது வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும்.

கடவுச்சொல் எனக்கு உறுதியாகத் தெரியும். எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஏற்கவில்லையே?

அப்படியானால் விசைப்பலகையைச் சந்தேகியுங்கள். எங்களிடம் வருகிற இத்தகைய கணினிகளில் நாங்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

நாம் தட்டுகிற விசைக்கும் கணினி பதிந்துகொள்ளும் எழுத்துக்கும் நடுவே விசைப்பலகை அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில் உள்ளவை. ஆனால் நிறுவும்போது பட்டியலில் “ஆங்கிலம் – பிரிட்டன்” என்பதைப் பார்த்ததும், நாம் பயில்வது பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே என்று பலரும் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பிரிட்டன் அமைப்பில் ஷிஃப்டுடன் 2-ஐத் தட்டினால் @ வராது. இரட்டை மேற்கோள் குறி வரும். ஷிஃப்டுடன் 3-ஐத் தட்டினால் # வருவதற்குப் பதிலாக பவுண்டு நாணயக் குறி வரும். கடவுச்சொல்லில் @ வைக்காதவர்கள் நம் ஊரில் மிகவும் குறைவு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நிறுவும்போதும் நுழையும்போதும் ஒரே அமைப்பு இருந்தால், அது தவறான அமைப்பாகவே இருந்தாலும் சிக்கல் எழாது. நீங்கள் நினைத்தது @, கணினி பதிந்துகொண்டது மேற்கோள் குறி என்றாலும், ஒவ்வொரு முறையும் அதே விசை அதே குறியைத்தான் கொடுக்கும். இரண்டு அமைப்புகளும் மாறிப்போகிற அன்றுதான் வழி அடைபடுகிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கணினியில் இதுவே நடந்தது. மூன்று வாரம் ஒழுங்காக நுழைந்துகொண்டிருந்தவர், அமைப்புகளுக்குள் போய் விசைப்பலகையை அமெரிக்க முறைக்கு மாற்றினார். மறுநாள் காலையிலிருந்து அவருடைய கடவுச்சொல் செல்லவில்லை. அவர் முன்னால் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று: @ இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறியைத் தட்டினோம், கணினி திறந்துகொண்டது.

புதுச்சேரியிலிருந்து வரும் கணினிகளில் இதைவிடக் கடுமையான வகை ஒன்று உண்டு. பிரான்சில் இருக்கும் உறவினர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மடிக்கணினிகளில் விசைகள் பிரெஞ்சு வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். நாம் கியூ எழுத்தைத் தேடும் இடத்தில் அதில் ஏ இருக்கும். டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும். எம், எல்லுக்கு வலப்புறம் நகர்ந்திருக்கும். மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்டு பிடிக்க வேண்டும். அதில் இயங்குதளத்தை அமெரிக்க அமைப்பில் நிறுவிவிட்டு, “அம்மா” என்பதை ஆங்கிலத்தில் நான்கு எழுத்தாக, விசைகளைப் பார்த்துத் தட்டினால், கணினிக்குப் போய்ச் சேர்வது கியூ, அரைப்புள்ளி, அரைப்புள்ளி, கியூ. தட்டுகிறவருக்குத் திரையில் தெரிவதோ நான்கு புள்ளிகள் மட்டும். பின்னர் ஒருவர் வெளியிலிருந்து ஒரு சாதாரண யு.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகி அதே “அம்மா”வைத் தட்டினால் அது நிச்சயம் ஏற்கப்படாது.

தமிழ் அமைப்பும் இதே வேலையைச் செய்யும். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 அமைப்பை நிறுவும்போதே முதன்மையாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, நுழைவுத் திரையில் ஆங்கில எழுத்தே விழாமல் போகலாம். திரையின் மூலையில் மொழிக் குறியீடு இருக்கும்: உபுண்டுவில் மேல் வலப்பக்கம், விண்டோஸில் கீழ் வலப்பக்கம். அதைத் தொட்டு மாற்றுங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. விண்டோஸில் கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் தட்டியது தெரியும். உபுண்டுவில் பெயர்களுக்குக் கீழே “பட்டியலில் இல்லையா?” என்ற இணைப்பைத் தொட்டால் பயனர் பெயரைத் தட்டும் பெட்டி வரும், அங்கே உங்கள் கடவுச்சொல்லைத் தட்டிப் பாருங்கள். எழுத்துகள் மறைக்கப்படாமல் தெரியும். பார்த்தவுடன் அழித்துவிடுங்கள், பக்கத்தில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

கேப்ஸ் லாக், நம்பர் லாக் இரண்டையும் பாருங்கள். கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: உப்புக் காற்றில் விசைகளின் அடியில் துரு ஏறி, ஒரு விசை இரண்டு முறை பதிவதும் பதியாமலே போவதும் இங்கே சாதாரணம். தட்டிய எழுத்துகளின் எண்ணிக்கையும் புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

லினக்ஸ் டெர்மினலில் கடவுச்சொல்லைத் தட்டினால் எதுவுமே வரவில்லை. விசைப்பலகை வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. பல லினக்ஸ்களில் டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் திரை, புள்ளியைக்கூடக் காட்டாது. கடவுச்சொல்லின் நீளத்தையும் பிறர் அறியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. தட்டி முடித்து என்டரை அழுத்துங்கள்.

உபுண்டு நிறுவினேன். ரூட் கணக்கின் கடவுச்சொல் என்ன?

அப்படி ஒரு கடவுச்சொல் இல்லை. உபுண்டுவில் ரூட் என்ற, எல்லா அதிகாரமும் கொண்ட கணக்கு இருக்கும். ஆனால் அதன் கடவுச்சொல் பூட்டப்பட்டிருக்கும். நிறுவும்போது நீங்கள் உருவாக்கிய முதல் பயனரே நிர்வாகி. நிர்வாகி அனுமதியோடு இயக்குவதற்காகக் கட்டளைக்கு முன்னால் “சுடோ” என்று சேர்த்துத் தட்டினால் அது கேட்பது உங்களுடைய சொந்தக் கடவுச்சொல்லைத்தான். இந்த ஒரு விவரம் தெரியாததால், ரூட்டின் கடவுச்சொல்லாக இருக்கக்கூடியவை என்று இணையத்தில் தேடி எடுத்த சொற்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தவர்களைச் சந்தித்திருக்கிறோம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பழைய புத்தகங்களில் உள்ள “பை” என்ற பயனரும் “ராஸ்பெரி” என்ற கடவுச்சொல்லும் 2022 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டுவிட்டன, நிறுவும்போது நீங்களே உருவாக்கிய கணக்குதான் செல்லும்.

டெபியனில் சுடோ கொடுத்தால், என் பெயர் “சுடோயர்ஸ் கோப்பில் இல்லை” என்கிறது. என் கணினியில் நான் நிர்வாகி இல்லையா?

இப்போதைக்கு இல்லை. சுடோயர்ஸ் என்பது சுடோ உரிமை உள்ளவர்களைக் குறிக்கும் கோப்பு. அதில் நீங்கள் இல்லாததற்குக் காரணம் நிறுவும்போது வந்த ஒரு பக்கம். டெபியனை நிறுவும் நிரல், ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் வைக்கும்படி கேட்கும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் ரூட்டைப் பூட்டிவிட்டு, முதல் பயனருக்கு சுடோ உரிமையைக் கொடுத்துவிடும். நீங்கள் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தால், நிர்வாகத்துக்குத் தனியாக ரூட்டைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, முதல் பயனரைச் சாதாரணப் பயனராகவே வைத்துவிடும். காலி இடத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும் என்று பழகிய நமக்கு, இங்கே காலியாக விடுவதும் ஒரு விடை என்பது தோன்றுவதில்லை. அந்தப் பக்கத்திலேயே இதற்கான விளக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது. நிறுவும் அவசரத்தில் அதை வாசிப்பவர்கள் குறைவு.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். டெர்மினலைத் திறந்து, “எஸ்யூ” என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு இட்டு என்டரை அழுத்துங்கள். நிறுவும்போது ரூட்டுக்கு வைத்த கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிறகு “ஆட்யூசர்”, உங்கள் பயனர் பெயர், “சுடோ” ஆகிய மூன்றையும் இந்த வரிசையில், நடுவே இடைவெளி விட்டுத் தட்டுங்கள். அதன் பின் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறி மறுபடியும் நுழையுங்கள். வெளியேறாமல் சோதித்துவிட்டு “சேரவில்லை” என்று திரும்பத் திரும்பச் சேர்ப்பவர்கள் உண்டு; ஒருவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்பது நுழையும் நேரத்தில்தான் படிக்கப்படுகிறது.

அந்தச் சிறு கோடு முக்கியமானது. 2019-இல் வந்த டெபியன் 10 முதல், கோடு இல்லாமல் வெறும் “எஸ்யூ” கொடுத்தால் நீங்கள் ரூட் ஆகிவிடுவீர்கள்; ஆனால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் கோப்புறைகளின் பட்டியல் உங்களோடு வராது. அதனால் “ஆட்யூசர்” என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். ரூட்டாக இருந்துகொண்டே கட்டளை இல்லை என்ற பதிலைப் பார்ப்பவர், இயங்குதளமே அரைகுறையாக ஏறியிருக்கிறது என்று முடிவுகட்டுவது இயல்புதான். அப்படி முடிவு செய்து, நன்றாக இருந்த டெபியனை அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்களைப் பார்க்கையில் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. அந்தக் கணினிகளில் சில இன்றும் புதிய டெபியன் ஏற்றப்பட்டு ஓடுகின்றன.

நுழைவுத் திரையிலேயே “ரூட்” என்று பெயரைத் தட்டி நுழைய முயல வேண்டாம். டெபியனில் க்னோம் என்ற திரைச்சூழலின் நுழைவுத் திரை, கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் ரூட்டை ஏற்காது.

நேற்று வரை சுடோ வேலை செய்தது. இன்று எனக்கு அனுமதி இல்லை என்கிறது. என்ன நடந்திருக்கும்?

பயனரின் குழுக்களை மாற்றும் “யூசர்மாட்” கட்டளையை நேற்று பயன்படுத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை உபுண்டுவோடு இணைத்தார். அதற்கு “டயல்அவுட்” என்ற குழுவில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கோ படித்தபடி “யூசர்மாட்” என்று தட்டி, கோடிட்டுப் பெரிய எழுத்தில் ஜி போட்டு, குழுவின் பெயரையும் தன் பெயரையும் கொடுத்தார். பலகை மறுநாள் அழகாக வேலை செய்தது, சுடோ போய்விட்டது. பெரிய ஜி மட்டும் கொடுத்தால், “இந்தக் குழுவில் மட்டும் இருக்கட்டும், மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து எடுத்துவிடு” என்று பொருள். சிறிய ஏ-வையும் அதற்கு முன்னால் சேர்த்தால்தான் “இதையும் சேர்த்துக்கொள்” என்று ஆகும். ஓர் எழுத்து விடுபட்டதில் அவர் சுடோ குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்.

கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே இது உறைத்துவிட்டால், திறந்திருக்கும் அதே அமர்வில் சுடோ பெரும்பாலும் இன்னும் செல்லும். உடனே உங்களைச் சுடோ குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியேறிவிட்டால் அடுத்த பதிலில் உள்ள மீட்பு வழிதான்.

லினக்ஸ் கடவுச்சொல்லை உண்மையிலேயே மறந்துவிட்டேன். கோப்புகளை இழக்காமல் மாற்ற முடியுமா?

டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் முடியும். கணினி தொடங்கும்போது, புதிய வகைக் கணினியானால் எஸ்கேப் விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். பழையதானால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். உபுண்டுவில் அதிலுள்ள கூடுதல் தேர்வுகளுக்குள் போய் மீட்பு முறையைத் தேர்ந்தெடுத்து, ரூட் வரியைத் தொட்டால் கட்டளைத் திரை கிடைக்கும். டிஸ்க் வாசிக்க மட்டுமான நிலையில் இருக்கும் என்பதால், அதை எழுதும் நிலைக்கு மாற்றும் “மவுன்ட்” கட்டளையை முதலில் கொடுக்க வேண்டும். பிறகு கடவுச்சொல் மாற்றும் கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு உங்கள் பயனர் பெயரைக் கொடுங்கள். அந்தக் கட்டளையின் எழுத்துகள் பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. நடுவில் ஓ, ஆர் இரண்டும் இல்லை. முழுச் சொல்லையும் தட்டிவிட்டுக் கட்டளை இல்லை என்ற பதிலால் குழம்புகிறவர்கள் ஏராளம்.

ரூட் பூட்டப்பட்ட டெபியனில் இந்த மீட்பு முறையும் “ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளது” என்று நின்றுவிடலாம். அப்போது க்ரப் பட்டியலில் முதல் வரியில் நின்று இ-யைத் தட்டுங்கள். “லினக்ஸ்” என்று தொடங்கும் நீண்ட வரியில் ஆர்-ஓ என்று தனியாக இருப்பதை ஆர்-டபிள்யூ ஆக்கி, வரியின் கடைசியில் “இனிட்” என்று எழுதி, சமக்குறி இட்டு, சாய்கோடு, “பின்”, சாய்கோடு, “பாஷ்” என்று சேருங்கள். கன்ட்ரோலுடன் எக்ஸைத் தட்டினால் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் கட்டளைத் திரை வரும். அங்கே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யலாம். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். ஃபெடோராவில் கூடுதலாக ஒரு வேலை உண்டு: அடித்தளக் கோப்புறையில் “ஆட்டோரீலேபல்” என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்க வேண்டும், அதை விட்டால் எஸ்.ஈ.லினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு புதிய கடவுச்சொல்லையும் மறித்துவிடும்.

மாற்றிய பின் உள்ளே நுழைந்ததும், “சாவிக்கொத்து திறக்கவில்லை” என்று பழைய கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி வரலாம். உலாவியிலும் வைஃபையிலும் சேமித்து வைத்தவை பழைய கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். பழையது நினைவுக்கு வராவிட்டால் அந்தச் சாவிக்கொத்தை அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் பூட்டும் தேர்வைக் கொடுத்து, அந்தக் கடவுச்சொல்லை மறந்திருந்தால், யாராலும் திறக்க முடியாது. பணம் கொடுத்தால் திறந்து தருகிறோம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கடவுச்சொல்லை ஏற்கிறது, ஒரு நொடி கருப்புத் திரை காட்டிவிட்டு மறுபடியும் நுழைவுத் திரைக்கே வருகிறது.

தவறான கடவுச்சொல் என்று செய்தி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நுழைந்துவிட்டீர்கள், உங்கள் திரைதான் தொடங்க முடியாமல் விழுகிறது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்து எஃப்3-ஐத் தட்டினால் எழுத்துத் திரை வரும், அங்கே நுழையுங்கள். “டி-எஃப்”, இடைவெளி, கோடு, “எச்” என்று தட்டினால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். அடித்தளப் பகுதி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் அதுவே காரணம். இடம் இருந்தால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள “எக்ஸ்அத்தாரிட்டி” (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்ற மறைகோப்பு ரூட்டின் உடைமையாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திரை சார்ந்த மென்பொருளைச் சுடோ போட்டு இயக்குகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. நிறுவும் நடுவே மின்வெட்டு வந்திருந்தால் மட்டும், இவற்றில் நேரம் செலவிடாமல் மறுபடி நிறுவுவதே நல்லது.

விண்டோஸில் “அட்மினிஸ்ட்ரேட்டர்” என்ற கணக்கு முன்பெல்லாம் இருந்ததே, இப்போது எங்கே?

இப்போதும் இருக்கிறது, 2007-இல் வெளிவந்த விஸ்டா முதல் அது முடக்கிய நிலையிலேயே வருகிறது. நிறுவும்போது நீங்கள் உருவாக்கும் முதல் கணக்கே நிர்வாகிக் குழுவில் சேர்க்கப்படுகிறது. மறைந்திருக்கும் கணக்கை இயக்கும் கட்டளை இருந்தாலும், அன்றாட வேலைக்கு அதை இயக்கி வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து; அந்தக் கணக்கில் ஓடும் எந்த மென்பொருளும் ஒரு முறைகூட உங்களிடம் அனுமதி கேட்காது.

விண்டோஸ் 11-ஐ மறுபடி நிறுவினேன். என் பழைய பின் எண்ணை ஏற்க மறுக்கிறது.

ஏற்காது. பின் எண் அந்தக் கணினியில் அந்த நிறுவலுக்கு மட்டுமே உரியது. மைக்ரோசாஃப்டின் இணையக் கணக்கோடு அது சேமிக்கப்படுவதில்லை. பழைய நிறுவலை அழித்தபோது அதுவும் அழிந்துவிட்டது. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல். நான்கைந்து ஆண்டுகளாகப் பின் எண்ணையே தட்டிப் பழகியவர்களுக்கு அந்தக் கடவுச்சொல் நினைவில் இருப்பதில்லை. கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது என்பதுகூடத் தெரிவதில்லை. ஆகவே நிறுவத் தொடங்குவதற்கு முன்பே, தொலைபேசி உலாவியில் அந்தக் கணக்கில் ஒரு முறை நுழைந்து பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு தொடக்கத்திலிருந்தும், ப்ரோ பதிப்பு 2022 முதலும் நிறுவும்போது இந்தக் கணக்கைக் கேட்கின்றன.

சந்தேகத்தோடு அடுத்தடுத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். 22எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டப்படும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சரியானதைத் தட்டினாலும் மறுக்கும். அதனால் சரியான கடவுச்சொல்லையே தவறென்று ஒதுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

இணையக் கணக்கு இல்லாத, கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்கானால், நுழைவுத் திரையிலேயே மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றலாம்; 2018 முதல் இந்த வசதி உண்டு. மற்றொரு நிர்வாகி மூலம் மாற்றினால், அந்தக் கணக்கில் விண்டோஸ் வழியாகப் பூட்டி வைத்த கோப்புகளும் சேமித்த கடவுச்சொற்களும் திறக்காமல் போகும்.

கணினி தொடங்கியதும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸ் போட்டிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டப்படுகிறது. அன்றாடம் அது தெரியாது. பயாஸில் ஏதாவது மாற்றினாலோ, பக்கத்தில் லினக்ஸ் நிறுவினாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, ஆளே மாறிவிட்டதாகக் கருதி மீட்பு எண்ணைக் கேட்கும். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் கொண்ட அந்த எண், பூட்டு போடப்பட்டபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தொலைபேசியில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பாருங்கள். திரையில் காட்டும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளும் அங்கே உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லித்தோப்பில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் இதே திரையோடு வந்தார். கணினியை வாங்கிய இடத்தில் நிறுவிக் கொடுத்த பணியாளர், அவசரத்துக்குத் தம்முடைய சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து நிறுவியிருக்கிறார். எட்டு மாத வியாபாரக் கணக்குகள் உள்ளே. சாவியோ வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் கணக்கில். அந்தப் பணியாளரைத் தேடிப்பிடிக்க ஐந்து நாட்கள் ஆயின. அவர் எண்ணை எடுத்துக் கொடுத்ததால் கணக்குகள் தப்பின. வேறொருவர் நிறுவித் தருகிறார் என்றால், உங்கள் மின்னஞ்சலை, உங்கள் கையால் தட்டுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

அனுமதி கேட்கும் பெட்டியில் “ஆம்” பொத்தானே இல்லை.

உங்கள் கணக்கு சாதாரணப் பயனராக மாற்றப்பட்டிருக்கிறது. கணினியில் இயங்கும் நிலையில் வேறு நிர்வாகியும் இல்லை. மீட்புத் திரைக்குப் போய்க் கணினியை மீட்டமைக்க வேண்டியிருக்கும். நிறுவிய மென்பொருள்கள் போகும். முதலில் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையக் கணக்கில் நுழைய முடியவில்லை. திரையின் மூலையில் தேதி பல ஆண்டு பழையதாக இருக்கிறது.

காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிவதால் இணைப்பே மறுக்கப்படும். அலுவலகத்தின் மைய நிர்வாகத்தில் (டொமைனில்) சேர்ந்த கணினியானால் ஐந்து நிமிட வித்தியாசமே நுழைவைத் தடுக்கப் போதுமானது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2032 என்ற பேட்டரி. எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

சர்வரின் முன் அமர்ந்தால் ரூட்டாக நுழைய முடிகிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக அதே கடவுச்சொல் செல்லவில்லை.

2015-இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 7.0 முதல், ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் வழியாகத் தொலைவிலிருந்து நுழைய இயல்பாகவே அனுமதி இல்லை. அதைத் தளர்த்தாதீர்கள். சாதாரணப் பயனராக நுழைந்து சுடோ பயன்படுத்துங்கள், அல்லது சாவிக் கோப்பு அமைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கினேன். பயாஸ் நிர்வாகி கடவுச்சொல் கேட்கிறது. அல்லது விண்டோஸ் நிறுவியதும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு நுழைவுப் பக்கம் வருகிறது.

ஒரு நிறுவனத்தில் பயன்பாட்டில் இருந்து, அதன் பதிவேட்டிலிருந்து முறையாக விடுவிக்கப்படாமல் விற்பனைக்கு வந்த கணினி அது. எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் அந்தப் பக்கம் திரும்ப வரும். பதிவு கணினிக்குள் இல்லை, மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. விற்றவரிடம் ரசீதோடு போய், விடுவித்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். பழைய கணினி வாங்கும்போது கடையிலேயே பயாஸுக்குள் போய்க் காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.

உங்களிடம் கொண்டுவந்தால் திறந்து தருவீர்களா? என்ன கொண்டுவர வேண்டும்?

கணினி உங்களுடையது என்று காட்டும் ரசீதையோ, அது இல்லாவிட்டால் பெட்டியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணையோ கொண்டுவாருங்கள். மற்றொருவரின் கணினியை அவர் இல்லாமல் திறந்து தர மாட்டோம். கணவன் மனைவிக்குள்ளும், பிள்ளைகளுடையதானாலும் இதுவே எங்கள் வழக்கம். சார்ஜரையும், கணக்கோடு இணைந்த தொலைபேசியையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். சரிபார்ப்பு எண் அந்தத் தொலைபேசிக்குத்தான் வரும். நிறுவிய பென் டிரைவ் இருந்தால் அதுவும் உதவும். நிறுவும்போது எந்த விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள், ரூட் கடவுச்சொல் பக்கத்தில் ஏதாவது தட்டினீர்களா, எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள் ஆகிய மூன்றையும் நினைவில் உள்ளவரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், பெரும்பாலும் நீங்கள் காத்திருக்கும்போதே வேலையை முடித்துக் கொடுத்துவிடுவோம்.